பெரம்பூரும் திண்டுக்கல்லும்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போகிறீர்கள். அதனால் வேலை செய்கிறவர்கள் ஒன்றுசேர்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சங்கம் என்றால் கூலி உயர்வும் கொடியும் கோஷமும்தான் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. சென்னையின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. நாள் முழுக்க உழைப்பு, சாப்பிட அரைமணி நேரம், போதாதற்கு மேஸ்திரிகளின் வசவு. அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் நண்பர் ராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் தங்கள் கஷ்டங்களையும் அங்கே சொன்னார்கள். அதிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

1920-இல் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது சங்கத் தலைவர்கள்மீது வழக்கு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்தே விலகும்படி ஆயிற்று. ஆனால் அந்த அடி நாடெங்கும் வலித்தது. சங்கம் நடத்துவதே சட்டத்தின் முன் ஆபத்து என்றால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று 1921-இல் மத்திய சட்டசபையில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18-ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். எதற்காகப் பெரம்பூர்த் தலைவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்களோ, அதற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்றது அது. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமைகூட இல்லாத காலம் அது. ஓட்டுப் போட முடியாதவர்களின் போராட்டம் இந்த நாட்டுக்கு ஒரு சட்டத்தைக் கொடுத்தது!

இதோடு நிறுத்திக்கொண்டால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் 1921-ஐச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது.

அந்த ஆண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் கணிசமானோர் சேரவில்லை, அல்லது விரைவில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். நிர்வாகமும் அரசும் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பிளவை உண்டாக்கியது அவர்கள் மட்டுமா? தறிக்கு முன்னால் தோழர் என்று அழைத்தவரை, தெருவுக்கு வந்ததும் தள்ளி நிறுத்தியது யார்? சேமிப்போ நிலமோ கடன் கொடுக்க ஆளோ இல்லாதவனிடம் மாதக்கணக்கில் பட்டினி கிட என்று சொன்ன சங்கம், அவன் குடும்பத்தின் பசிக்கு என்ன வழி வைத்திருந்தது? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. கருங்காலி என்ற வசைச்சொல்லை வைத்து அந்த மக்களின் நியாயத்தை மூடிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. சாதியைச் சங்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று விட்டதால்தான், அது உள்ளே வந்து சங்கத்தையே உடைத்தது.

நூறு ஆண்டு கழித்து திண்டுக்கல்லுக்கு வாருங்கள். அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021-இல் கொல்லப்பட்டார். அங்குள்ள பெண்கள் அதை ஒரு குடும்பத்தின் துக்கமாக மட்டும் விட்டுவிடவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்டு இயங்கும் சங்கம். அது ஆலை நிர்வாகத்தோடு மட்டும் பேசவில்லை. அங்கே தைத்த ஆடைகளை வாங்கி உலகெங்கும் விற்கும் எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்களையும் பொறுப்பேற்க வைத்தது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் தொழிலாளர் பிரச்சினை என்றே எழுதி வைத்தது. ஆலைக்குள் நடப்பதைக் கவனித்துப் புகார் எடுக்கத் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுக்கப்பட்டது. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினால், பக்கத்து மிஷினில் இருக்கும் பெண்ணே அதைக் கேட்க வழி பிறந்தது. 1921-இல் யாரை இழந்து சங்கம் தோற்றதோ, அவர்களின் கொள்ளுப்பேத்தி வயதுப் பெண்கள் இன்று சங்கத்தை நடத்துகிறார்கள்.

நீங்கள் போகும் இடங்களிலும் பிரிவுகள் இருக்கும். நிரந்தரப் பணியாளருக்கு ஒரு நிற அடையாள அட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஷெட்டில் தங்கியிருப்பார்கள். அலுவலகக் கழிவறையைச் சுத்தம் செய்பவரின் பெயர் யாருக்கும் தெரியாது. சங்கத்தில் சேருங்கள், இல்லாத இடத்தில் தொடங்குங்கள். பதிவுக்கான விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். அந்த ஏழு பேரும் நிரந்தரப் பணியாளர்களாகவே, ஒரே தெருக்காரர்களாகவே இருந்தால், விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் நடந்து போய் வேறு சிலரையும் அழைத்து வாருங்கள்.