முதலில் கவலைக்குப் பேர் வையுங்க!

(தலைப்பு: இரண்டாவது குழந்தைக்குப் பெயர் தேடும்போது வீட்டில் மேலோங்கி நிற்பது ஆசையா, கவலையா? ‘கவலையே’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் ஆசையோடு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! அவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிற என் அணித் தோழர்களே! (சிரிப்பு) அரங்கிலும் வீட்டிலும் அமர்ந்து பார்க்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் அடுக்கினார் பாருங்க! கண்மணின்னு வைக்கிறோம், செல்வம்னு வைக்கிறோம், அன்பரசின்னு வைக்கிறோம், எல்லாம் ஆசைதானேன்னார். ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர்ல குப்புசாமி இருக்காரே, பிச்சை இருக்காரே, மூக்கன் இருக்காரே, அவங்களை எந்தக் கணக்குல எழுதறது நடுவர் அவர்களே? எந்தத் தாயாவது ஆசைப்பட்டுத் தன் பிள்ளைக்குக் குப்பைன்னு பேர் வைப்பாளா?

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறது. முன்னால் பிறந்தது தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, தவிட்டுக்குத் திருப்பி வாங்கினார்கள். ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தினார்கள். ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, நீயும் எடுத்துக்கொண்டு போகாதே’ என்று எமனிடமே பொய்க்கணக்குக் காட்டினாள் அந்தத் தாய். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது 28. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்து பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியபோது, அந்தப் பெயர்களுக்கும் வேலை குறைந்தது. (கைதட்டல்)

‘அம்மா, இதெல்லாம் பழைய கதை’ம்பாங்க. அவ்வளவு பழசா? மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு ‘நகுசா’ன்னு பேர். மராத்தியில் ‘வேண்டாதவள்’னு அர்த்தம். 2011 அக்டோபரில் அந்த மாவட்டத்தில் விழா எடுத்து, 285 பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வச்சாங்க. நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? ‘போதும்பொண்ணு’ இல்லையா? ‘வேண்டாம்’னே பேர் வச்ச வீடு இல்லையா? முதல் பெண்ணுக்கு யாரும் போதும்பொண்ணுன்னு பேர் வைக்கிறதில்லை நடுவர் அவர்களே! அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறக்கும்போதுதான் அந்தப் பேர் வருது.

மாமியார் சொல்வாங்க: ‘முதல்ல பொண்ணு, வயிறு கூர்மையா இருக்கு, இது பையன்தான்.’ வயித்துல இருக்கிறது பிள்ளைம்மா, பென்சில் இல்லை! (சிரிப்பு) ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற குரோமோசோம் அப்பாகிட்டே இருந்து வருதுன்னு பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கு. சீட்டு குலுக்கிப் போடுறது அப்பா, பழி மட்டும் அம்மாவுக்கா? (கைதட்டல்) கருவிலேயே தெரிந்துகொள்வதைக் குற்றம் என்று 1994இலேயே சட்டம் வந்துவிட்டது. அவள் தூக்கத்தைக் கெடுக்கிற பேச்சுக்குத்தான் இன்னும் சட்டம் வரவில்லை.

முதல் பிரசவத்துக்கு வீடே தாங்குது. வளைகாப்பு, அஞ்சு வகை சாதம், ‘குனியாதே, நிமிராதே’. இரண்டாவதுக்குப் பெரும்பாலான வீட்டில் வளைகாப்பு கிடையாது. ‘ஏற்கெனவே ஒண்ணு பெத்தவதானே, உனக்குத் தெரியாததா?’ இந்த ஒரு வார்த்தையில அவ வாயை அடைச்சிடறாங்க. வளையலும் இல்லை, கேட்கிற காதும் இல்லை. ஆனா அவளுக்குக் கவலை இல்லையா? போன தடவை பட்ட வலி ஞாபகம் இருக்கு. மூத்தது இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குது. ‘இன்னொண்ணு வந்தா இதுக்கு நான் குறை வச்சிடுவேனோ’ன்னு ராத்திரியில தவிக்கிறா. இதையெல்லாம் யார்கிட்டேயும் சொல்ல முடியாம, பேர் தேடறேன்னு உட்கார்ந்துடறா.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. இரண்டாவதுக்கு ஏழாவது மாதம். தினமும் போன். ‘அம்மா, நல்ல தமிழ்ப் பேர் சொல்லுங்க.’ நிலா, யாழினி, இளவேனில்னு நானும் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரே கேள்வி: ‘இதுக்கு நீண்ட ஆயுள்னு அர்த்தம் வருமா?’ நான் சொன்னேன், ‘பேர் கிடக்கட்டும்மா, உனக்கு என்ன பயம்?’ அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஓன்னு அழுகை. முதல் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மூணு வாரம் கண்ணாடிப் பெட்டியில இருந்த குழந்தை. அந்த பயத்தைப் புருஷன்கிட்டே சொல்லலை. புதுசா மாறின டாக்டரிடமும் சொல்லலை. மறுநாளே ரெண்டு பேரும் போய்ச் சொன்னாங்க. டாக்டர் அதைக் குறிச்சுக்கிட்டு, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். முதல் பிரசவத்தில் நடந்தது இரண்டாவதைக் கவனிக்கிற டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய செய்தி. அதற்கப்புறம் எனக்குப் போன் வரலை. பேர் அவங்களுக்கே கிடைச்சிடுச்சு! (கைதட்டல்)

அதனால எதிரணி நண்பர்களே, பேர் தேடும் வீட்டில் ஆசை வாசல்ல கோலம் போடுது. கவலை கொல்லைப்புறத்தில் நின்று அழுது. கொல்லைப்புறத்துக்கும் ஒருத்தர் போய்ப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

பேருக்கு அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யணும், அவ்வளவுதான். பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை இடம் உண்டு. ஆனா உடம்பு காத்திருக்காது. உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளை துடிப்பு குறைந்தாலோ, ‘போன தடவையும் இப்படித்தான்’னு உட்காராதீங்க. பேர்ப் புத்தகத்தை மூடிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு கனத்தே கிடந்தா, அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயந்தான்.

பேர் வைக்கிற அன்னைக்கு அத்தை காதில் மூணு தடவை பேர் சொல்லுவாங்க. நாலாவது தடவை மூத்த பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க. தன் வாயால் கூப்பிட்ட தம்பியை, தங்கையை, அது பிறகு பங்காளியா பார்க்காது. (கைதட்டல்)

கணவன்மார்களே! இன்னைக்கு ராத்திரி ‘என்ன பேர் வைக்கலாம்?’னு கேட்காதீங்க. ‘உனக்கு என்ன பயம்?’னு கேளுங்க. கேட்டுட்டு டிவி பக்கம் திரும்பிடாதீங்க, நாங்களே டிவியில் வந்தாலும் சரி! (சிரிப்பு) கவலைக்கு முதலில் பேர் வையுங்கள். குழந்தைக்கு வைக்கிற பேரில் அப்புறம் ஆசை மட்டும் மிஞ்சும். அதுவரைக்கும் ஓங்கி நிற்பது கவலையே, கவலையே என்று கூறி அமர்கிறேன்.