107-க்கு 107

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்ட தம்பிகளே, கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் இந்த நூலக வார விழாவுக்கு வந்திருக்கும் என் வாசகர் வட்டச் சொந்தங்களே, பின்வரிசையில் தூணுக்கு மறைவாக உட்கார்ந்துகொண்டு இவன் கண்ணில் படமாட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மனிதரே!

தூணுக்குப் பின்னால் இருப்பவர் பேரைச் சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்க்காதீர்கள்! பார்க்காதீர்கள் என்றதும் அத்தனை தலையும் திரும்புகிறது பாருங்கள். பேரைச் சொன்னால் பொங்கலுக்குச் சட்டை தைத்துத் தர மாட்டேன் என்று காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

அழைப்பிதழில் என் தலைப்பு, 'அமெரிக்க அதிபர் தேர்தலில் உட்கட்சிப் போட்டி'. டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "சார், நூலக வாரத்துல அமெரிக்கா எதுக்கு?" நான் சொன்னேன்: "மன்னார்குடிக்காரன் கேக்குற கேள்வியாய்யா இது? துளசேந்திரபுரத்துலேருந்து வாஷிங்டனுக்கு டவுன் பஸ் விடாததுதான் பாக்கி!"

கைதட்டுங்கள், கைதட்டுங்கள். நம்ம ஊர்ப் பெண் வருகிறாள், கொஞ்சம் பொறுத்து வருகிறாள்.

தலைவர் கையில் மணி இருக்கிறது. இருபது நிமிடம் என்றார். ஐயா, அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஊர். பேர் வேண்டாம், நல்ல மனிதர்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். நான் "ஆகவே, அன்பர்களே" என்று ஆரம்பித்தபோது மைக்கை அணைத்துவிட்டார்கள். அந்த 'ஆகவே'வுக்குப் பிறகுதானய்யா விஷயமே இருந்தது! இன்றுவரை அது என் தொண்டைக்குள்ளேயே கிடக்கிறது.

மைக்கை அணைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ரொனால்ட் ரீகனிடம் கற்க வேண்டும்.

1980 பிப்ரவரி 23. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், நாஷுவா என்ற ஊர், உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டி. ரீகனும் ஜார்ஜ் புஷ்ஷும், அப்பா புஷ், இருவர் மட்டும் விவாதிக்க ஓர் உள்ளூர் நாளிதழ் ஏற்பாடு செய்கிறது. "ரெண்டு பேருக்கு மட்டும் பத்திரிகைக்காரன் மேடை போட்டால் அது சட்டத்துக்குப் புறம்பான நன்கொடை" என்று தேர்தல் ஆணையம் தடுக்கிறது. சரி, செலவை நான் ஏற்கிறேன் என்கிறார் ரீகன். ஏற்றவர் சும்மா இருந்தாரா? மற்ற வேட்பாளர்களில் நான்கு பேரை வரச் சொல்லிவிட்டார். கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி நாலு பேரும் மேடையில் நிற்கிறார்கள். நாற்காலி கிடையாது. புஷ் யாரையும் பார்க்காமல் நேராக வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ரீகன் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கிறார். பத்திரிகை ஆசிரியர், ப்ரீன் என்று பேர், "மைக்கை அணையுங்கள்" என்கிறார். ரீகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கக் கத்தினார்: "இந்த மைக்குக்குக் காசு கொடுப்பவன் நான், மிஸ்டர் க்ரீன்!" ப்ரீனை க்ரீன் என்று சொல்லிவிட்டார். எவன் கவனித்தான்? கூடம் அதிர்ந்தது. அழையா விருந்தாளிகள் நாலு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். மூன்று நாள் கழித்து ஓட்டு எண்ணினால் ரீகனுக்கு நூற்றுக்கு 50, புஷ்ஷுக்கு 23!

சினிமாவில் நடித்த மனிதர். எந்த இடத்தில் வசனத்தை எடுத்து விட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? நமக்குத்தான் தெரியாதா!

போதும், போதும். எதற்கு இப்படிக் கைதட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் வரவில்லை.

புஷ்ஷும் லேசுப்பட்டவர் அல்ல. ஏப்ரலில் அவர் ரீகனின் வரித் திட்டத்துக்கு ஒரு பேர் வைத்தார், 'வூடூ பொருளாதாரம்'. நம்ம பாஷையில் பில்லி சூனியக் கணக்கு. ஜூலையில் டெட்ராயிட்டில் கட்சி மாநாடு. சூனியக்காரர் அதிபர் வேட்பாளர், சூனியம் என்று சொன்னவர் துணை அதிபர் வேட்பாளர். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். எப்படி என்று நானும் பல நாள் யோசித்தேன். தூணுக்குப் பின்னால் இருப்பவரைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லுவார். இருக்கட்டும்.

போன வாரம் பக்கத்து ஊர் மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். பேர் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கைபேசியைப் பார்த்துப் பேசுவாரே, அவர்தான். சார்ஜ் இறங்க இறங்க அவருக்கு அறிவும் இறங்கும். அவர் சொன்னாராம், "அமெரிக்க உட்கட்சித் தேர்தல், அதான் பிரைமரி, என்பது பணம், பணம், பணம்." கீழே இருந்தவர்கள் கைதட்டினார்களாம். ஐயா, மைக்கேல் ப்ளூம்பெர்க் என்று ஒருவர். உலகக் கோடீஸ்வரர்களில் ஒருவர், நியூயார்க் மேயராக இருந்தவர். 2019 நவம்பர் கடைசியில் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இறங்கினார். 100 நாள் சொச்சத்தில் ஏறக்குறைய 100 கோடி டாலர். ரூபாய் இல்லை ஐயா, டாலர்! எல்லாம் சொந்தப் பணம். மார்ச் 3, பதினைந்து இடங்களில் ஒரே நாளில் போட்டி. அவர் ஜெயித்த இடம் எது தெரியுமா? அமெரிக்கன் சமோவா. பசிபிக் கடலில் ஒரு தீவுக் கூட்டம்! மறுநாள் காலை கடையைச் சாத்தினார்.

இன்னொருவர் ஜெப் புஷ். அப்பா அதிபர், அண்ணன் அதிபர். 2016-இல் அவருக்காகத் திரட்டிய பணம் 10 கோடி டாலருக்கு மேல். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கட்சி மாநாட்டுக்கு அவர் வாங்கிய பிரதிநிதிகள் 4. நாலே நாலு! நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கூட்டம். உணர்ச்சிபூர்வமாகப் பேசி முடிக்கிறார். ஒரு சத்தம் இல்லை. மனிதர் மெல்லச் சொன்னார்: "தயவுசெய்து கைதட்டுங்கள்."

ஆஹா! நான் கேட்காமலே தட்டுகிறீர்கள். ஜெப் புஷ் மன்னார்குடியில் நின்றிருக்க வேண்டும்.

கைபேசிக்காரர் ஒரு விஷயத்தில் பாதி சரி. பணம் ஜெயிக்க வைக்காது, ஆனால் பணம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. அதை அனுபவித்தவர்தான் நம்ம பெண் கமலா ஹாரிஸ். துளசேந்திரபுரம் பி.வி. கோபாலன் பேத்தி. 2019 ஜூனில் மயாமி விவாத மேடையில் ஜோ பைடனைப் பார்த்து, வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளை ஒரே பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தை அந்தக் காலத்தில் எதிர்த்தீர்களே, அப்படிப் பஸ்ஸில் போன ஒரு சின்னப் பெண் கலிபோர்னியாவில் இருந்தாள், அந்தப் பெண் நான்தான் என்றார். பைடன் ஆடிப்போய்விட்டார். ஆனாலும் டிசம்பர் 3-ஆம் தேதி, ஒரு ஓட்டுகூடப் பதிவாவதற்கு முன்பே, பணமில்லை என்று கமலா விலகிவிட்டார். அடுத்த ஆகஸ்டில் அதே பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளர் ஆக்கினார். நம்ம தர்மசாஸ்தா கோயிலில் பாலாபிஷேகம் நடந்தது, படம் உலகமெல்லாம் போனது.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகினார். கமலா வேட்பாளரானார், போட்டிக் களம் காணாமலே. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் அப்படித்தான். ஒரு பிரைமரியிலும் நிற்காமல், தலைவர்கள் தயவில் வேட்பாளரானார். மற்ற வேட்பாளர்களுக்கு வேலை செய்த இளைஞர்கள் கொதித்தார்கள், மாநாடு நடந்த சிகாகோ தெருக்களில் போலீஸ் தடியால் வெளுத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கட்சி விதிகளை மாற்றி, 1972-லிருந்து பிரைமரி ஓட்டுத்தான் பேசும் என்று ஆக்கினார்கள். ஹம்ஃப்ரி நவம்பரில் நிக்சனிடம் தோற்றார். கமலா நவம்பரில் டிரம்ப்பிடம் தோற்றார். வீட்டுக்குள்ளே மல்லுக்கட்டாதவன் வெளியே போனால் கை தளர்ந்துதான் போகும்.

பார்த்தீர்களா, கைதட்டல் நின்றுவிட்டது. கோவிச்சுக்காதீங்க. எனக்கும் வருத்தம்தான், அன்று நானும் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கினவன்.

மல்லுக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்றால் 2008-ஐப் பார்க்க வேண்டும். ஒபாமா, ஹிலாரி கிளின்டன். ஜனவரி 3, அயோவா. பனி, எலும்பைத் துளைக்கிற குளிர். அங்கே ஜனநாயகக் கட்சிக்காரனுக்கு அன்று ஓட்டுப் பெட்டியே கிடையாது. ராத்திரி ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா. இந்த மூலை ஒபாமா, அந்த மூலை ஹிலாரி, எதிர்ப்பக்கம் இன்னொரு வேட்பாளர் எட்வர்ட்ஸ். உன் ஆள் யாரோ அந்த மூலையில் போய் நில். தலையை எண்ணுவான். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான், மச்சினன் பார்க்கிறான், கடன் கொடுத்தவன் பார்க்கிறான். ஒளிய முடியாது! நூற்றுக்கு 15 பேர்கூடச் சேராத மூலை பெரும்பாலும் கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்களைப் பிடிக்க மற்ற மூலைக்காரர்கள் ஓடி வருவார்கள். "வாங்க மாமா, எங்க பக்கம் வாங்க, உங்க ஆளு சொல்றதைத்தான் எங்க ஆளும் சொல்றாரு." மாமா யோசிப்பார். மாமி ஏற்கெனவே அந்த மூலையில் நிற்பார். அங்கேதான் வீட்டில் பிரச்சினை ஆரம்பம்!

இப்படி ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இடங்கள். எண்ணி முடித்தால் ஒபாமா முதலிடம், ஜெயித்தே தீருவார் என்று எல்லோரும் சொன்ன ஹிலாரி மூன்றாவது. அதே ராத்திரி இன்னொருவர் ஒரு சதவீதம்கூடத் தேறாமல் மூட்டை கட்டினார். அவர் பேர் ஜோ பைடன்!

ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயர். முதல் நாள் ஒரு காபிக் கடையில் ஒரு பெண்மணி ஹிலாரியைக் கேட்கிறார்: எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? உங்கள் தலைமுடியை யார் சரிசெய்கிறார்கள்? ஹிலாரிக்குக் கண் கலங்கி, குரல் தடுமாறியது. நடிப்பு என்றார்கள் சிலர், மனுஷி என்றார்கள் பலர். மறுநாள் ஹிலாரி ஜெயித்தார். கேள்வி கேட்ட பெண்மணி யாருக்கு ஓட்டுப் போட்டார் தெரியுமா? ஒபாமாவுக்கு!

அதிலிருந்து ஐந்து மாதம் சேற்றை வாரி இறைத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுப் பதிவுக்கு முன்பே ஒரு விவாதத்தில் ஒபாமா, "உங்களையும் ஓரளவு பிடிக்கும்தான் ஹிலாரி" என்று ஒரு குத்துக் குத்தியிருந்தார். ராத்திரி மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் போன் அடித்தால் யார் எடுக்க வேண்டும் என்று ஹிலாரி விளம்பரம் போட்டார். பையனுக்குப் பக்குவம் போதாது என்று அர்த்தம். கடைசிப் பிரைமரி ஜூன் 3-இல் முடிந்தது. ஒபாமா ஜெயித்தார். ஹிலாரி வாங்கியது மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஓட்டு. நம்மில் எத்தனை பேர் அத்தனை ஓட்டு வாங்கிவிட்டுத் தோல்வி என்று ஒத்துக்கொள்வோம்? நான் ஒத்துக்கொள்ளவில்லை. 13 ஓட்டுக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

ஆமாம். சொல்லிவிடுகிறேன். 2007-இல் நம் வாசகர் வட்டத் தலைவர் பதவிக்கு நான் நின்றேன். எதிர்த்து நின்றவர் தூணுக்குப் பின்னால் இருக்கிறார். கழுத்தில் இன்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, மெஷினில் கால் மிதித்துக்கொண்டே உலகச் செய்தி படிக்கிறவர். அவருக்கு 14, எனக்கு 13. புலவர் பட்டம் வாங்கியவனைத் தையற்கடைக்காரர் தோற்கடித்தார். நான் ஏழு மாதம் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அவர் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனேன். வெட்கக்கேடு, ஆனால் நடந்தது.

2008 ஜூன் கடைசி. ஒரு ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். டேப் கழுத்திலேயே இருக்கிறது, கையில் நாலாய் மடித்த பேப்பர், ஓரமெல்லாம் சாக்பீஸ் தூள். விரித்து என் முன்னால் வைத்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குக்கிராமம், பேரே 'யூனிட்டி', ஒற்றுமை. ஜூன் 27-ஆம் தேதி ஹிலாரியும் ஒபாமாவும் தோளோடு தோள் நின்று கையசைக்கிறார்கள். ஜனவரியில் அந்த ஊரில் ஒபாமாவுக்கு விழுந்தது 107 ஓட்டு. ஹிலாரிக்கு விழுந்தது 107!

அவர் அதையெல்லாம் முதலில் சொல்லவில்லை. தொழில்காரர் இல்லையா? விரலை வைத்துக் காட்டினார்: "வாத்தியாரய்யா, அந்தம்மா கோட்டும் அவரு டையும் ஒரே நீலம். பாத்துத்தான் போட்டிருக்காங்க." அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தார். "ஒண்ணரைக் கோடிக்கு மேல வாங்கின அந்தம்மாவே மேடை ஏறிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம், நீங்கதான் பேசணும். நோட்டீஸ் அடிச்சாச்சு."

போனேன். எட்டு வருடம் அவர் தலைவர், நான் செயலாளர். அன்றைக்கு என் பேச்சுக்கு அவர் மணி அடிக்கவே இல்லை...

அடித்துவிட்டாரய்யா நம் தலைவர்! ஐயா, இன்னும் ஒரே ஒரு 'ஆகவே' பாக்கி இருக்கிறது. மைக் செட்டுக்கார தம்பி, கை வைக்காதே, வாடகையை நான் கொடுத்துவிடுகிறேன். தூணுக்குப் பின்னால் இருக்கும் என் தலைவரை மேடைக்கு... எங்கே? நாற்காலி காலியாக இருக்கிறதே! வாசலில் நிற்கிற பிள்ளைகள் யாராவது ஓடிப் பிடியுங்கள், சைக்கிள் எடுத்திருப்பார். நான் இன்னும் சட்டைக்கு அளவுகூடக் கொடுக்கவில்லை.