நடந்து பழகட்டும் நம் பிள்ளைகள்

(ஆலய மண்டபத்தில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)

 

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை நம் பிள்ளைகள் பால்குடம் ஏந்தி நடக்கிறார்கள். அப்படி நடக்கும் பிள்ளையை, மறுநாள் பக்கத்திலுள்ள பள்ளிக்குக் காரில் அனுப்புகிறோம்! தொடக்கப்பள்ளியில் இடம் கேட்கும்போது, 1 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை என்பதற்காக எத்தனை பாடுபடுகிறோம்! இடம் கிடைத்த பின்பு அந்த 1 கிலோமீட்டரை நடக்க விடுவதில்லை.

"பயமாக இருக்கிறதே" என்கிறீர்கள். நியாயந்தான். ஆனால், பயந்து நாம் ஓட்டி வரும் கார்தான் பள்ளி வாசலில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் பல ஆண்டுகள் சாலைப் பாதுகாப்பைப் போதித்தவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பூசைக்கு நேரமாகிவிட்டதென்று, தேக்காவில் சிவப்பு மனிதன் எரியும்போதே பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையில் இறங்கினேன். ஒரு வேன் எங்களருகே கிரீச்சிட்டு நின்றது. இறைவன் காத்தான். "நான் நின்னேன் தாத்தா, நீங்கதான் இழுத்தீங்க" என்றான் பேரன். அன்று சன்னிதியில் என் மனம் ஒன்றவில்லை. நான் வாயால் போதித்ததைவிட, என் கால் போதித்ததே அவனுக்குப் பாடமாகியிருக்கும்.

ஆகவே, முதலில் நாம் திருந்துவோம். பள்ளிக்குச் செல்லும் அதே வழியில் சில வாரங்கள் பிள்ளையுடன் நடந்து செல்லுங்கள். பிறகு பிள்ளை முன்னே நடக்க, நீங்கள் பின்னே செல்லுங்கள். புளோக்கின் கார் நிறுத்துமிட வாயிலில் நின்று பார்க்கப் பழக்குங்கள். பச்சை மனிதன் வந்தாலும் இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும். கார் ஓட்டுபவர்களே, பள்ளி வட்டாரத்தில் விளக்கு மின்னினால் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.

சைக்கிளில் செல்லும் பிள்ளை, முதலில் பூங்காவில் நன்கு பழகட்டும். 2019 முதல் நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர்தான். முதியவரைக் கண்டால் இன்னும் மெதுவாகச் செல்லட்டும். சாலையைக் கடக்கையில் இறங்கித் தள்ளிச் செல்வதே நல்லது. தலைக்கவசத்தையும் பிரேக்கையும் தினமும் நீங்களே பாருங்கள்.

ஆலயத்தில் அர்ச்சனை செய்து பிள்ளையின் நலம் வேண்டுகிறோம். அந்த வேண்டுதலோடு பத்து நிமிடம் உடன் நடப்பதையும் சேர்த்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் நலமே சென்று நலமே திரும்ப எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சி அமைகிறேன்.