மூட்டுக்குள் மாறும் எரிபொருள்



முடக்குவாதம் என நாம் அழைக்கும் ருமற்றோயிட் மூட்டழற்சி, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. ஆதலால் இச்சபையில் அதுபற்றிப் பேசுவது பொருத்தமெனக் கருதுகிறோம்.

உயர்தர வகுப்பில் கலச்சுவாசம் படித்தோம். ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.ரி.பி. சக்தி மூலக்கூறுகள் கிடைக்கும். ஒட்சிசன் இல்லாவிட்டால் கிடைப்பவை 2 மட்டுமே. லக்ரிக் அமிலம் மிஞ்சும். அன்று பரீட்சைக்காக மனனம் செய்த இந்தக் கணக்கு இந்நோயை விளங்கிக்கொள்ளவும் உதவுகிறது.

இந்நோயில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி சொந்த மூட்டையே எதிரியாகக் கொள்கிறது. மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு வீங்கித் தடிக்கிறது. பெருகும் கலங்களுக்கு இரத்த ஓட்டம் போதாமல் ஒட்சிசன் குறைகிறது. அப்போது அக்கலங்கள் குளுக்கோசை அவசரமாக உடைத்து வாழப் பழகிக்கொள்கின்றன. மேலும் பெருகுவதற்கான மூலப்பொருட்களும் அவ்வழியிலேயே கிடைக்கின்றன. சேரும் லக்ரிக் அமிலம் வெறும் கழிவன்று. அது அழற்சிக் கலங்களை அங்கேயே தங்கவைத்துத் தூண்டுகிறது. இறுதியில் கசியிழையமும் என்பும் அரிக்கப்படுகின்றன. இந்தச் சவ்வுக் கலங்களை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தாலும் அவற்றின் மூர்க்கம் எளிதில் தணிவதில்லை.

நாட்கடத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்து, வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால், "வயது போகுது" என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். வைத்தியரைக் காணுங்கள். அரிக்கப்பட்ட என்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

சீனியை நிறுத்தினால் நோய் தீரும் என்றும் எண்ண வேண்டாம். நாம் சீனியை விட்டாலும் ஈரல் குளுக்கோசை உண்டாக்கி இரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.

பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேற், கலங்கள் ஃபோலேற்றைப் பயன்படுத்தும் வழியில் தலையிடும் மருந்து. அதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தவறி நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கருவையும் அது பாதிக்கும். எனவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும்.

பிறர் நோவுக்கு ஓடிச் செல்லும் நாம், நம்முடைய நோவைப் பிறகு பார்ப்போம் என ஒத்திவைக்கிறோம். இந்த நோய் அந்தத் தவணையைத் தராது.