எந்தத் தறியில் நெய்தது?



நான் மருதமுனையில் பிறந்தவன். கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் நெசவாளர் ஊர் அது. என் வாப்பா சாறன் நெய்தார். உம்மா நூல் சுற்றிக் கொடுப்பார். சாறன் வாங்க வருவோர் முதலில் கேட்பது, "இது ஆரிட தறி?" என்பதைத்தான். இழை தப்பியிருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று வாங்கியவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதும் தெரியும்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். எங்கள் தேவையை அறிந்துகொண்டு, அடிமாட்டு விலை கேட்டார். வாப்பா கொடுத்துவிட்டார். அவர் போனபின் என்னிடம் சொன்னார்: "அவர் துணியத்தான் பார்த்தார் மகன், நம்மட வீட்டப் பார்க்கல்ல."

அந்தச் சொல் அண்மையில் என்னையே வந்து சுட்டது. மகளுக்குக் கைத்தொலைபேசி வாங்கக் கல்முனைக்குப் போனேன். அரை மணி நேரம் பேரம் பேசி விலையைக் குறைத்தேன். உறையொன்றை இனாமாகவும் வாங்கிக்கொண்டேன். பெருமையோடு வீடு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நாட்டின் பெயர் இருந்தது, கம்பனியின் பெயர் இருந்தது. ஆளின் சுவடு எதுவும் இல்லை. நெசவாளியின் மகனாகிய நான் "ஆரிட தறி?" என்று கேட்காமலே வாங்கி வந்திருந்தேன்.

அந்தத் தறி எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டாம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்குள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆப்பிள் கம்பனியின் ஐபோன்களை ஒன்றுசேர்ப்பவர்களில் பெரும்பாலோர் நம் மொழி பேசும் இளம் பெண்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று அறிய முடியாத பெண்கள் இரவில் வந்து நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அதன் பிறகுதான் நெருக்கியடித்த அறைகளும், தரையில் படுத்த உறக்கமும், தண்ணீர் வராத கழிப்பறைகளும் உலகுக்குத் தெரியவந்தன. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது.

இதே பாக்ஸ்கானின் சீனத்து ஆலைகளில் 2010ஆம் ஆண்டு பத்துக்கு மேற்பட்ட இளந்தொழிலாளர் மாடியிலிருந்து குதித்து மாண்டார்கள். அதற்குப் பின் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள்.

பெயர் போட்டு விற்பவர் ஒருவர், செய்து கொடுப்பவர் இன்னொருவர், ஆள் பிடித்துக் கொடுப்பவர் மூன்றாமவர். விலையை மேலே உள்ளவர் இறுக்கினால், கீழே உள்ளவர் மிச்சம் பிடிப்பது பாயிலும் சோற்றிலும்தான். புதிய மாதிரி வெளிவரும் மாதங்களில் வேலை நெருக்கடி இன்னும் கூடும். ஆண்டுதோறும் போனை மாற்றும் நம் ஆசையும் அந்த நெருக்கடியில் ஒரு கை கொடுக்கிறது.

அப்படியானால் வாங்காமலே விட்டுவிடலாமா? அதுவும் விடையாகத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் நம் எல்லோர் சட்டைப் பையிலும் கிடந்த நோக்கியாவின் ஆலையும் ஸ்ரீபெரும்புதூரில்தான் இருந்தது. 2006இல் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர். நாம் கைகழுவினால் நம் மனம் தூய்மையாகலாம். அந்தப் பெண்ணின் வீட்டில் உலை கொதிக்காது.

அந்தத் தொழிலாளரும் வேலையை விட்டு ஓடவில்லை. பேசுவதற்குத்தான் உரிமை கேட்டார்கள். 2024 செப்டம்பரில் அதே வட்டாரத்தில், நம் வீடுகளிலும் காணும் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் செய்கின்ற சாம்சங் ஆலையில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு பெற்றது.

முகம் தெரியாதவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று யாரும் கேட்கலாம். நேயர்களே, 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் நம் ஊருக்குள் வந்ததே, நினைவிருக்கிறதா? மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் மையித்துகளைச் சுமந்து நின்றபோது, நம் முகம் காணாத மக்கள் எத்தனையோ நாடுகளிலிருந்து நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். உடுக்கத் துணி அனுப்பினார்கள். முகம் தெரியாது என்ற சாட்டை நாம் மட்டும் சொல்லலாமா?

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். அது முதலாளிக்குச் சொன்னது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கடையில் பேரம் பேசி நின்ற எனக்கும் அதில் பங்கிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

மகளிடம், "இத அஞ்சு வருசம் பாவிக்கணும் மகள். உடைஞ்சா திருத்தித் தருவன், புதுசு இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளித்தாள். அடுத்த முறை கடைக்குப் போனால், செய்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்கப் போகிறேன். கடைக்காரத் தம்பி சிரிக்கக்கூடும். ஒருவர் கேட்டால் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் தமக்குச் சரக்குத் தருபவரிடம் அவரும் கேட்பார். அன்று எங்கள் வாசலில் நின்ற வியாபாரி அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பெருநாளைக்கு உம்மாவுக்கு ஒரு புதுப்பிடவை வந்திருக்கும்.