மலைப்பாதையும் பெற்றோல் குழாயும்

கண்டி நகரிலிருந்து அம்பிட்டி, தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்குச் செல்லும் பாதை, சரிவுகளை அணைத்தபடி வளைந்து வளைந்து ஏறுவது. அப்பக்கத்து மலைகளிலேதான் ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். கொழுந்தை உருட்டும் பொறியையும் தாமே அமைத்துக்கொண்டார். வேண்டிய பொறியைத் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் மலைநாட்டுக்குப் புதிதன்று.

மோட்டார் வண்டியையும் அவ்வாறு வீட்டிலேயே கட்டுவோர் உளர். கொலின் சப்மன் என்பார் 1957இல் இங்கிலாந்தில் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டி, உறுப்புகளாகவும் விற்கப்பட்டது. முழு வண்டிக்கு இருந்த கொள்வனவு வரி உறுப்புகளுக்கு இல்லை என்பதே அதன் கவர்ச்சி. 1973இல் வரிமுறை மாறியபோது அச்சலுகை மறைந்தது. கட்டும் ஆசை மட்டும் மறையவில்லை.

இத்தகையோர் எந்திரத்திலும் பிறேக்கிலும் செலுத்தும் கருத்தை, தாங்கியிலிருந்து எந்திரத்துக்குச் செல்லும் மெல்லிய குழாயிற் செலுத்தாது விடுவதுண்டு. அதுவோ வண்டியிலுள்ள பொருள்களுள் மிகக் கொடியதைச் சுமந்து செல்வது. பூச்சியத்துக்கு 40 பாகை கீழான குளிரிலும் பெற்றோல் பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழுந்து கலைந்து போகாது, வண்டியின் அடித்தட்டிலே குளம்போலத் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறி அதை எரிக்கும்.

ஆதலால் குழாய் செல்லும் வழியை முதலிலேயே வகுத்தல் வேண்டும். எல்லாம் பூட்டிய பின், எஞ்சிய இடுக்கிலே நுழைத்தல் தகாது. சட்டத்தின் உட்புறம், அதன் அடிவிளிம்புக்கு மேலாகச் செல்வதே தக்க வழி. அப்போது பாதைக் கல்லின் அடியைச் சட்டம் ஏற்கும், குழாய் தப்பும். புகைக்குழாய் ஒரு பக்கமாயின் பெற்றோல் மறுபக்கம். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டுவது வசதியான பிழை. ஏறத்தாழ அடிக்கொரு பிடிப்பு வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இல்லையெனில், தகட்டின் விளிம்பு நாளடைவில் அரமாகிவிடும். செப்புக்குழாய் வளைக்க எளிது. ஆனால் அதிர்வினால் இறுகி வெடிக்கும் இயல்புடையது. எஃகோ, செம்பும் நிக்கலும் கலந்த குழாயோ நலம். எந்திரம் தன் தாங்கிகளின் மேல் அசைவதால், இறுதிச் சிறுபகுதி மட்டும் நெகிழும் இறப்பராக இருத்தல் அவசியம். அதிலும் பழைய இறப்பர் எதனோலை ஏற்பதில்லை. இந்தியாவிற்போல நூற்றுக்கு 20 பங்கு எதனோல் கலந்த பெற்றோல் பரவிவரும் இக்காலத்தில், அதற்கென ஆக்கப்பட்ட குழாயையே தேடவேண்டும்.

சமநிலத்தில் கட்டுவோர் கவனியாத ஒன்றை மலைப்பாதை காட்டிக்கொடுக்கும். தாங்கி பின்னால், எந்திரம் முன்னால், இடையே எட்டடி எனக் கொள்வோம். எட்டடிக்கு ஓரடி தாழும் இறக்கத்தில் நிறுத்தினால், தாங்கி எந்திரத்தைவிட ஓரடி மேலே எழுந்துவிடும். அந்நிலையில் முன்புறக் குழாய் கழன்றால், எந்திரம் ஓய்ந்திருப்பினும் பம்பின் ஒருவழிக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் தானாகவே வழிந்தோடும். தாங்கியின் மேற்புறத்திலிருந்து குழாய் எடுத்தால் தப்பலாம் என்பாருமுண்டு. ஒருமுறை குழாய் நிரம்பியபின் வடிகுழாய்போல அது இழுத்துக்கொண்டே இருக்கும். தாங்கியருகே, ஓட்டுபவர் கைக்கெட்டும் அடைப்பான் ஒன்றே உறுதியான காவல். மின்பம்பு உள்ள வண்டிக்கு, மோதலில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் விசையும் சேரவேண்டும்.

ஏற்றத்தின் தொல்லை வேறு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைய, பெற்றோல் எளிதிற் கொதிக்கும். முன்னிருந்து உறிஞ்சும் பம்பு அவ்வழுத்தத்தை மேலும் குறைக்கிறது. சூடான பம்பின்மேல் ஈரத்துணி போட்டு மலையேறிய சாரதிகள் இதன் காரணத்தை நூலிற் படித்தறியாவிடினும் மருந்தை அறிந்திருந்தனர். 1948இல் வந்த மொறிஸ் மைனரில் பம்பு எந்திர அறையிலேயே இருந்தது. 1959இல் வந்த மினியில் அது பின்புறத்துக்குச் சென்றது. புதிதாகக் கட்டுவோர் பின்னதைப் பின்பற்றித் தாங்கியருகே தாழ்வாகப் பம்பை வைத்தால், அது உறிஞ்சுவதை விடுத்துத் தள்ளும்.

ஆனால் தள்ளப்படும் குழாய் முழுவதும் அழுத்தத்தில் நிற்கும் என்பதை மறத்தலாகாது. காபுரேற்றருக்குச் சதுர அங்குலத்துக்கு நாலைந்து இறாத்தல் அழுத்தம் போதும். பீச்சுமுறை எந்திரத்துக்கு நாற்பதுக்கும் மேல் தேவை. முன்னதற்கான குழாயையும் பட்டியையும் பின்னதற்குப் பூட்டுதல் தீயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

கட்டி முடிந்ததும் சில கலன் பெற்றோல் மட்டும் ஊற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இறக்கத்தை நோக்கி வண்டியை இரவு முழுவதும் திறந்தவெளியில் நிறுத்துக. காலையில் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்து முகர்ந்து பார்க்க. அதன்பின் எந்திரத்தை இயக்காது சாவியை மட்டும் திருப்புக. பழைய எஸ்.யூ. பம்பாயின் ‘டிக், டிக்’ என விரைந்து அடித்து, மிதவை அறை நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் இடைவிட்டு இடைவிட்டு அடித்தால் எங்கோ பெற்றோல் நழுவுகிறது. சாவியை உடனே எடுத்து, விளக்கேற்றாது, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தைத் தேடுக.