அடுப்புக்கு இடம் எது?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆடவர் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். உதகையிலே குளிர் காயக் கணப்பு வேண்டும். நம் கொங்குச் சமவெளியில் அத்தேவை இல்லை. ஆயினும் எரிவாயு உருளை வந்த வீடுகளிலும் வெந்நீர் காய்ச்சவும், மாட்டுக்குத் தீனி வேகவைக்கவும் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பருத்திமாரும் தென்னை மட்டையும் தோட்டத்தில் கிடக்கும்வரை அஃது அணையப் போவதில்லை. வீட்டுக்குள் சூழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இது சிரித்து ஒதுக்கத்தக்க பொருளன்று.

புகைக்குழாய் பொருத்திய மண் அடுப்பு நமக்குப் புதிதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் திரு. எஸ். பி. ராஜு அவர்கள் உருவாக்கிய அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் வெளிவந்தது. பின்னர், 1983இல் தேசியத் திட்டமாகத் தொடங்கி, 2002 வரை நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல கைவிடப்பட்டுப் போயின. அவ்வாறு போனவற்றுள் என் வீட்டு அடுப்பும் ஒன்று.

எங்கள் தோட்டத்துச் சாளை ஓட்டு வீடு. முகடு தெற்கு வடக்காக ஓடும். கூரை கிழக்கும் மேற்குமாகச் சரியும். தென்கோடியிலே சமையலறை. அடுப்புப் போட வந்தவர், மேற்குச் சுவரோரம் கூரை தாழ்ந்திருப்பதால் குறுகிய குழாயே போதும் என்றார். செலவு குறைகிறதே என்று நானும் இசைந்தேன். "அந்தச் சுவரிலேதானே கண்ணு ஆடிக்காற்று மோதும்?" என்று என் தாயார் கேட்டார். படித்தவன் என்ற மிடுக்கிலே நான் அதைச் செவியில் வாங்கவில்லை. ஆனி பிறந்தது. புகை முழுவதும் அறைக்குள்ளேயே திரும்பியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குழாயைப் பிடுங்கிவிட்டுத் துளையைச் சேற்றால் அடைத்து, பழைய அடுப்புக்கே போய்விட்டார். ஆனால் கணக்கேட்டில் எங்கள் வீடு புகையில்லா வீடாகவே இருந்து வந்தது!

பிழை எங்கே? நம் பகுதியின் காற்றை நாம் அறிவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து பாய்வது அது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவே. குழாயின் வாய் முகட்டைவிடத் தாழ்ந்திருந்தால் இக்காற்று கூரையில் மோதித் தேங்கிப் புகையை அமுக்கும். கிழக்குச் சரிவில் வைத்தாலும் தப்ப முடியாது. முகட்டைத் தாண்டும் காற்று அப்புறம் சுழன்று கீழிறங்கும். எப்பக்கம் வைத்தாலும் முகட்டுக்கு மேல் 2 அடியேனும் குழாய் உயர்ந்திருக்க வேண்டும். தாழ்வாரச் சுவரோரம் அமைத்தால் அவ்வுயரத்துக்கு நீண்ட குழாய் வேண்டும். அது காற்றில் ஆடும், கம்பி கட்டி நிறுத்த வேண்டும். முகட்டுக்கு அண்மையில் அமைத்தாலோ, கூரைக்கு வெளியே தெரிவது சிறிதளவே. வளைவு இல்லாத நேர்க்குழாயாக இருத்தல் நலம்.

நம்மவர் அடுப்புக்கு அக்கினி மூலையாகிய தென்கிழக்கைக் கூறுவர். மேல்காற்றுக் காலத்தில் அம்மூலைப் புகை வீட்டுப் பக்கம் வாராமல் விலகிப் போகும் என்பது உண்மையே. தெருவிலே நெருக்கமாக உள்ள வீடுகளில் அது அண்டை வீட்டு வாசலில் நுழையும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாளரத்தையும் மறத்தலாகாது. காற்று வரும் பக்கத்துச் சாளரம் சிறிது திறந்திருக்கட்டும். எதிர்ப்பக்கத்தது மட்டும் திறந்திருந்தால் அறைக் காற்று அவ்வழியே இழுபட, குழாய்ப் புகையும் கீழிறங்கும். எனினும் அடுப்பு வாய்க்கு நேராகக் கதவோ சாளரமோ இருத்தல் ஆகாது; தணல் சிதறும்.

கீற்று வேய்ந்த வீடாயின் நெருப்பு அச்சம் முந்தியது. குழாயைச் சுற்றி ஒரு முழ அகலம் கீற்றை விலக்கித் தகரம் பொருத்துக. விறகு அடுக்கும் பரணுக்குக் கீழே அடுப்பு வேண்டா. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்குத் தீங்கு; செங்கல் அல்லது சுட்ட மண் குழாய் போதும். கரி தட்டக் கை எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும்.

இடம் முடிவு செய்யுமுன், ஆடியிலே ஒரு நாள் காலையும் மாலையும் அவ்விடத்தில் சாம்பிராணி போட்டு, புகை எப்பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சமைப்பவரையும் கேளுங்கள். உறுப்பினர்கள், முன்னே அமைத்த அடுப்புகளை ஆடி மாதத்தில் நேரில் சென்று பார்த்தால், ஏட்டில் உள்ளவற்றுள் எரிபவை எத்தனை என்பது தெரிந்துவிடும்.

மறு ஆண்டு நாங்கள் தெற்குச் சுவரில், முகட்டை ஒட்டி அடுப்பை மாற்றினோம். அக்கினி மூலையிலிருந்து சில முழம் விலகுகிறதே என்று தாயாரிடம் தயங்கியபடி கேட்டேன். "அக்கினி பகவானுக்கும் கண் எரியும், போடப்பா" என்றார்.